நத்தார்க் கேக்கில் முட்டை உண்டா? ஒரு சித்தாந்த விசாரணை

முன்னேஸ்வரத்தைப் பற்றி எழுதப் புகுந்தவர்கள் பஞ்ச ஈஸ்வரங்களில் ஒன்று என்று தொடங்குவார்கள். 1578இல் போர்த்துக்கேயர் இடித்ததையும் 1753இல் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் புதுப்பித்ததையும் சொல்லி, பெருந்திருவிழாவில் கொண்டுபோய் முடிப்பார்கள். மார்கழிதோறும் அவ்வூர்ச் சைவ வீடுகளின் வாசலில் வந்து நிற்கும் பெருஞ்சிக்கலை மட்டும் எந்த அறிஞரும் தொட்டுப் பார்த்ததில்லை. சிக்கல் இதுதான்: சிலாபத்துக் கத்தோலிக்க வீட்டிலிருந்து தட்டில் வரும் நத்தார்க் கேக்கைத் திருவெம்பாவைக் காலத்தில் உண்ணலாமா, ஆகாதா? அறிவுலகின் இந்தக் கவனக்குறைவைச் சரிசெய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் காலவரையறை. கார்த்திகைப் பூரணைக்கு மறுநாள் பிள்ளையார் பெருங்கதை விரதம் பிடிக்கிறது. தேய்பிறையில் பதினைந்து, வளர்பிறைச் சட்டி வரை ஆறு, ஆக 21 நாள். அது முடிகிற கையோடு திருவெம்பாவை பத்து நாள், திருவாதிரையோடு நிறைவு. மார்கழித் திருவாதிரையோ பூரணையை ஒட்டியே வரும். ஆகவே இரண்டையும் முழுதாக அனுட்டிக்கும் வீட்டில் பூரணைக்குப் பூரணை, ஒரு சந்திர மாதம் முழுக்க, அடுப்பில் மீன் ஏறாது. (முழுதாக அனுட்டிக்கும் வீடுகள் எத்தனை என்பது இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே உள்ளது. 'கடைசி நாள் மட்டும்' என்னும் உட்பிரிவினரும் விரதகாரர் என்றே இங்கு கொள்ளப்படுவர்.)

இதே மாதத்தில்தான் இயற்கையும் சோதிக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்து மேற்குக் கரைக் கடல் அடங்கிக் கிடக்கும். தோணிகள் தடையின்றிப் போய்வரும். சிலாபத்து நண்டின் பெருமை கொழும்பு வரை பேசப்படுவது. அது முருங்கையிலையோடு கறியாகிற மணம் மதில் ஏறி வரும்போது, பெருங்கதை படித்துக்கொண்டிருப்பவர் ஒரு வரியை இரண்டு தரம் வாசிக்க நேர்வதும் உண்டு.

நத்தார் இந்த விரத மாதத்தில் எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தே அவ்வாண்டின் உறவுகள் அமைகின்றன. 2018இல் திருவாதிரை டிசம்பர் 23. இரண்டு நாள் இடைவெளியில் சைவ உலகம் விடுதலை அடைந்து, நத்தார் விருந்தில் சமமாக உட்கார்ந்தது. அதற்கு நேர்மாறானது 2015. டிசம்பர் 24 உந்துவப் போயா. அன்றே மீலாத் நபி தினமும். மறுநாள் நத்தார், அன்று மாலை பூரணை, கூடவே வெள்ளிக்கிழமை. அதற்கும் மறுநாள் திருவாதிரை. வெள்ளியன்று இறைச்சி தவிர்ப்பது கத்தோலிக்கருக்கும் விதிதான். ஆனால் பெருவிழா வெள்ளியில் விழுந்தால் தவிர்க்க வேண்டியதில்லை என்று திருச்சபைச் சட்டம் 1251ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. சைவருக்கு அப்படி ஒரு பிரிவை எழுதிவைக்க யாருக்கும் தோன்றவில்லை. இது நம் மரபின் பெருங்குறை என்றே இவ்வாய்வாளர் கருதுகிறார்.

இனிப் பொருளாய்வு. இலங்கை நத்தார்க் கேக்கில் கோதுமை மாவுக்கு வேலை குறைவு, ரவைதான் உடல். சீனி, பட்டர், கஜு, உலர்ந்த முந்திரிகை, இஞ்சிப் பாகு, பூசணி தோசி, சௌசௌ, தேன், பன்னீர் எல்லாம் உண்டு. பழங்களை நவம்பரிலேயே நறுக்கிப் பிராண்டியில் ஊறப் போட்டுவிடுவார்கள். பழைய செய்முறைகளில் மஞ்சட்கரு இரண்டு டசினைத் தொடும். தட்டத்துக்குள் பத்திரிகைத் தாளை மடித்து மடித்து அணை கொடுத்து, மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வேகவைப்பார்கள். ஆறியபின் தீப்பெட்டி அளவில் வெட்டி, முதலில் எண்ணெய்த் தாள், மேலே பளபளக்கும் வண்ணத்தாள். அதைப் பிரிக்கும்போது விரல் நுனியில் பட்டர் பிசுபிசுக்கும். முதலில் பன்னீர் மணக்கும், பிறகு ஏலமும் கறுவாவும், கடைசியில், மூக்கைச் சற்றே அருகே கொண்டுபோனால், நவம்பர் மாதத்துப் பிராண்டி.

போயாவன்று மதுபானம் விற்கத் தடை. நத்தாரன்றும் மதுக்கடைகள் பூட்டியே இருக்கும். ஆனால் கேக் விற்கப்படுவதில்லை, கொடுக்கப்படுகிறது. ஆகவே கலால் திணைக்களம் தலையிட இடமில்லை என்று கூறி, பிராண்டி என்னும் கிளைச் சிக்கலை இத்துடன் மூடுகிறோம். முட்டைதான் மூலம்.

சிவஞான சித்தியார் வகுத்த வழியில் முதலில் பரபக்கம், அதாவது பிறர் மதம்.

காட்சி அளவையை மட்டும் கொள்பவர் முதலாமவர். கேக்கை வெட்டினால் கஜு தெரிகிறது, தோசி தெரிகிறது, முட்டை தெரியவில்லை. தெரியாதது இல்லை என்பது அவர் துணிபு. அற்றேல், பிராண்டியும் தெரியவில்லையே எனின், அது இரண்டு துண்டுக்குப் பின் காட்சிவாதியின் கண்ணிலேயே தெரியும் என்க.

இரண்டாமவர் கருதல் அளவையினர். மலையில் புகை கண்டு நெருப்பு உண்டென்று துணிவது போல, டிசம்பர் இரண்டாம் வாரத்தில் அயல்வீட்டுக் குப்பைக் கூடையில் முட்டைக் கோது குவிந்திருப்பதைக் கண்டு கேக்கில் முட்டை உண்டெனத் துணிவார். இவர் தர்க்கத்தில் பழுதில்லை. அயல்வீட்டுக் குப்பைக் கூடைக்குள் எட்டிப் பார்த்ததை எப்படி நியாயப்படுத்துவார் என்பதே கேள்வி.

மூன்றாவது உரை அளவை. செய்தவரிடமே கேட்டுவிடலாம் என்பார். இது மிகவும் ஆபத்தானது. ஏனெனில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

தீவிரவாதி ஒருவரும் உண்டு. சித்தாந்தத்தின் சற்காரியவாதப்படி காரியம் காரணத்துக்குள்ளேயே சூக்குமமாக இருக்கிறது. மண்ணில் குடம் உண்டு. அதேபோல் முட்டையில் கோழி உண்டு. முட்டை கேக்கில் உண்டு. எனவே நத்தார்க் கேக் என்பது கோழிக்கறியே என்று அவர் நிறுவுவார். அவ்வாறாயின் பச்சரிசியை மென்றவன் சர்க்கரைப் பொங்கல் உண்டவன் ஆவான். மடப்பள்ளியில் அடுப்பு மூட்ட வேண்டிய தேவையே இல்லை. ஆதலால் அவர் மதம் பொருந்தாது. அவருடைய துண்டைப் பிள்ளைகள் எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு விரதமில்லை, நடைமுறையில் இந்த ஆய்வுத்துறையின் பரிசோதனைக்கூடமே அவர்கள்தான்.

இனிச் சுபக்கம், நம் கொள்கை. முட்டை உண்டா இல்லையா என்று கேட்பதே தவறு. கேட்க வேண்டியது, இது எத்தனை நாள் தாங்கும் என்பதே.

நண்டு மூன்று மணி நேரம் பொறுக்காது. பட்டர் கேக் மூன்றாம் நாள் காய்ந்துபோகும். டிசம்பர் மாதத்துப் பண்டங்களில் நத்தார்க் கேக் ஒன்றுதான் காத்திருக்கத் தெரிந்தது. சீனியும் பிராண்டியும் ஊறிய பழமும் சேர்ந்து அதை மாதக்கணக்கில் காக்கின்றன; வைக்க வைக்க ருசியும் ஏறுகிறது. முன்னேஸ்வரத்து வாசலில் நடக்கும் உரையாடலைக் கவனித்தவர்களுக்கு இது புரியும்.

"அக்கா, நத்தாருக்குச் செஞ்சது. விரதமெண்டா ரின்னில போட்டு வைங்க, பழுதாகாது."

"ஐயோ, இவ்வளவு ஏன் தங்கச்சி கொண்டுவந்தீங்க. இருங்க, வெறுந்தட்டோட போகாதீங்க."

இவ்வளவுதான். முட்டை என்ற சொல்லே எழவில்லை. ஒருவர் கொடுத்துவிட்டார், மற்றவர் இரு கையாலும் வாங்கிவிட்டார், விரதமும் முறியவில்லை. கேக் பிஸ்கட் ரின்னுக்குள் போகும். எறும்பு ஏறாமலிருக்க ரின் தண்ணீர்த் தட்டத்தின் நடுவே நிற்கும். திருவாதிரை கழியும் வரை அங்கேயே இருக்கும்.

எதிர்த்திசைப் போக்குவரத்து இன்னும் நுட்பமானது. அதே தட்டில் திரும்பிப் போவது விடியற்காலைப் பூசையின் சர்க்கரைப் பொங்கல், கடலை, வடை. இவை அன்றைக்கே தீர வேண்டியவை. மாலையில் வடை இறப்பர் ஆகிவிடும். பெறுபவருக்கோ அன்று எந்த விரதமும் இல்லை. ஆக, கெடாத பண்டம் இன்று உண்ண முடியாதவரிடமும், கெடும் பண்டம் இன்றே உண்ணக் கூடியவரிடமும் போய்ச் சேர்கிறது. யாரும் உட்கார்ந்து திட்டமிட்டதல்ல. பொருளியல் பேராசிரியர்களை ஒரு மார்கழிக்கு இங்கே கொண்டுவந்து இருத்தினால் நல்லது.

விருந்தினர் பற்றியும் ஒரு சொல். கொழும்பிலிருந்து கூட்டாளிகள் புத்தளம் ரயிலில் வந்து இறங்குவார்கள். எல்லாரையும் ஒரே மேசையில் இருத்துவது பஞ்சாங்கக் கணிதம். ஒருவர் நள்ளிரவுப் பூசை முடிந்து காலையில் தூங்குவார். ஒருவர் விடியுமுன் எழுந்து கோயிலுக்குப் போவார். போயாவன்று சில் அனுட்டிக்கும் சிங்கள நண்பர் நண்பகலுக்குப் பின் ஒரு கவளமும் தொடமாட்டார். இம்மூவருக்கும் எந்நேரமும் பரிமாறக் கூடியது சினிமா ஒன்றே. அதில் முட்டை கிடையாது. 1990இல் வந்த 'ஹோம் அலோன்' நத்தார்தோறும் தொலைக்காட்சிகளில் மீண்டும் மீண்டும் வருவதற்குக் காரணம் இதுவாகவே இருக்கலாம். அதன் நாயகன் கெவின், வெறும் சீஸ் பீட்சாவைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்று அடம்பிடித்து, அண்ணன் அதைத் தின்றுவிட்டதற்காகச் சண்டை போட்டு, பரண் அறைக்குத் துரத்தப்படுகிறான். இறைச்சி வீட்டில் சைவத்துக்காகத் தண்டனை பெற்ற அச்சிறுவனை முன்னேஸ்வரத்து விரதகாரர்கள் தம்மவனாகக் கொள்வதில் வியப்பில்லை.

எஞ்சியது நண்டு விருந்துக்கு நாள் குறிப்பது. 2023ஐ எடுத்துக்கொள்வோம். 25 திங்கள், நத்தார், திருவெம்பாவை நடக்கிறது. 26 உந்துவப் போயா. 27 திருவாதிரை. 29 வெள்ளி. 30 சனி, அன்று எள் எரிப்பவர்கள் மச்சம் தொடமாட்டார்கள். ஆக, ஞாயிறுக்கு முன் மூன்று சமயத்தாரும் ஒரே சட்டி நண்டைச் சுற்றி உட்காரத் தோதான நாள் வியாழன் 28 ஒன்றுதான். 2015இன் பூரணை நத்தார் 19 ஆண்டுச் சுழற்சியில் 2034இல் மீண்டும் வருகிறது. 2023ஐப் போல அவ்வாண்டும் டிசம்பர் 25 திங்கட்கிழமை. திருவாதிரையோ 26க்குள் முடிந்துவிடும். புதன், வியாழன் என்று நண்டுக்கு இரண்டு நாள் கிடைக்கும். 2023ஐ விட ஒரு நாள் கூட.