வந்தாரை வாழவைக்கும் கணினி

வீட்டுக் கணினிக்குக் காவல் போடச் சொல்பவர்கள் விருந்தோம்பல் அறியாதவர்கள். 'அப்டேட் செய்யவா?' என்று விண்டோஸ் திரையின் மூலையில் கெஞ்சும்போதெல்லாம் 'அப்புறம் பார்க்கலாம்' என்று அழுத்துவதுதான் பண்பு. இதற்குச் சான்றும் உண்டு. 2017 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் ஓர் ஓட்டையை அடைத்துத் தந்தது. அவசரக்காரர்கள் உடனே போட்டுக்கொண்டார்கள். மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீநிரல் வந்தபோது, அது அவர்களை எட்டிக்கூடப் பார்க்கவில்லை, பாவம். நிதானமாக இருந்தவர்களின் கோப்புகளை மட்டும் அது பத்திரமாகப் பூட்டிவைத்தது. சொந்தக்காரரே தொட முடியாத பாதுகாப்பு வேறு எந்தப் பெட்டகத்தில் கிடைக்கும்?

ஆன்டிவைரஸ் இருக்கிறதே என்று கேட்கலாம். விண்டோஸோடு டிஃபெண்டர் சும்மாவே வருகிறது. சும்மா வருவதற்கு என்ன மரியாதை? அதனால்தான் காசுக்கு விற்கும் ஆன்டிவைரஸைத் திருட்டுப் பதிப்பாக இறக்குகிறோம். கூடவே வரும் 'கிராக்' கேட்பதெல்லாம் ஒரு சின்ன உதவி: 'இருக்கிற ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவவும்.' புதுக் காவல்காரர் வந்ததும் நாயைக் கட்டிப்போடச் சொன்னால் கட்டிப்போட வேண்டியதுதான். கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து, கழற்றி அலமாரியில் வை என்று சிலர் ஓதுவார்கள். நகல் இருந்தால் பணம் கேட்டு வந்தவர் முகம் வாடாதா?

வான்னாக்ரை மீது நமக்கு ஒரே மனத்தாங்கல்தான். 300 டாலர் கேட்ட அதன் மிரட்டல் கடிதம் 28 மொழிகளில் வந்தது. ஃபின்னிஷ் உண்டு, லாட்விய மொழிகூட உண்டு, தமிழ் இல்லை. செம்மொழிக்கு நேர்ந்த இந்த அவமதிப்பைக் கண்டித்து நீண்ட அறிக்கை தயாராக இருக்கிறது. கோப்புதான் திறக்க மாட்டேன் என்கிறது.