துப்பறதுக்கா இத்தனை தூரம்?

ஏண்டா கண்ணு, நாலு பேரும் காரெடுத்துக்கிட்டு நந்திமலைப் பக்கம் ஒயின் தோட்டம் பாக்கப் போறீங்களாமா? உங்கம்மா சொன்னா. ராசிபுரத்துல ஏறி ஓமலூரு, தருமபுரி, கிருஷ்ணகிரின்னு பெங்களூரையே தாண்டோணும். போயிட்டு வாங்க சாமி, ஆரு வேண்டாம்னா? அங்க கிளாஸைச் சுழட்டி, மோந்து பாத்து, ஒரு மடக்கு வாயில ஊத்திக் கொப்புளிச்சு, பக்கத்துல இருக்கிற பாத்திரத்துல துப்போணுமாமா. காசு குடுத்து வாங்கித் துப்பற சூட்டிகை எங்களுக்கு வரலையப்பா. நாங்க துப்புனது வெத்தலை ஒண்ணுதான்.

நீங்க பொறந்த சீமை எதுன்னு தெரியுமா? 1937 அக்டோபர் 1-ந் தேதி, மதராஸ் மாகாணத்துலயே மொதல்ல ராஜாஜி மதுவிலக்குக் கொண்டாந்தது நம்ம சேலம் ஜில்லாவுல. அப்ப நாமக்கல்லும் இதுக்குள்ளதான். கள்ளுக்கடை வருமானம் போச்சுன்னு 1939-ல விற்பனை வரி போட்டாரு. இப்பப் பாரு, பிராந்திக்கடையும் இருக்குது, வரியும் இருக்குது. மரத்துக் கள்ளுக்கு மட்டும் 1987-லிருந்து பூட்டு.

நீங்க தேடிப் போற வித்தை நம்ம வரப்புப் பனையிலயே இருந்துச்சு. பாளையில கட்டற முட்டிக்குள்ள சுண்ணாம்பு தடவுனா தெளுவு, அதான் பதநீர்; தடவாட்டிக் கள்ளு. அவ்வளவுதான் வித்தியாசம். ஒயின்காரன் பீப்பாயில மாசக்கணக்குல ஊறப்போடறான். எங்க மரமேறி பொழுது விடியறதுக்குள்ள முடிச்சிருவான்.

அதைய விடு. வண்டி ஓட்டறது ஆரு? 'சும்மா ருசி பாக்கத்தான் தாத்தா'ன்னு நாலு பேரும் இளிக்காதீங்க. திரும்பி வர்றப்பத் தொப்பூர் கணவாய் இறக்கம் இருக்குது. நாமக்கல் லாரிக்காரனே பல்லைக் கடிச்சுக்கிட்டு எறங்கற எடம். உங்கள்ல துப்பக் கூச்சப்படறவன் எவனோ, அவன் கையில சாவியக் குடுத்துராதீங்க. அவன் முழுங்கிருவான்.

எனக்குன்னு பாட்டில் கீட்டில் தூக்கியாந்து ஜூஜூவாடி செக்போஸ்ட்டுல நிக்காதீங்கடா. தாத்தா பேரைச் சொன்னா அங்க ஒருத்தனும் விடமாட்டான். ரெண்டு கிலோ திராட்சைப் பழமா வாங்கியாங்க, போதும். பெங்களூர் புளூவுல கொட்டை இருக்கும், உங்க ஆயாவுக்குப் பல்லு இல்லை. கொட்டையில்லாததாப் பாத்து வாங்குங்க.