முத்திரையில் கோபுரம், மேசையில் கோப்பு

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தைப் பார்க்க ரயிலேற வேண்டியதில்லை. கலை நிதியுதவிக்கு ஒரு மனுப் போடுங்கள். ‘உரிய சான்றிதழ் இணைக்கப்படவில்லை’ என்ற பதிலின் உச்சியில், 11 நிலையும் விரல்நக அளவில், அரசு முத்திரையாக அதுவே வீடு தேடி வரும்.

அனுப்பும் அலுவலகங்களின் சரித்திரமோ பெயர்ப்பலகைச் சரித்திரம். 1955-இல் பிறந்த சங்கீத நாடக சங்கம் 1973-இல் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றமானது. 1991-இல் கலை பண்பாட்டுத் துறை வந்தது; செயலகத்தில் சுற்றுலாவோடும் அறநிலையத்தோடும் கூட்டுக்குடித்தனம். 2007-இல் நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியம். ஒவ்வொரு பிறப்புக்கும் நிச்சயமாக வேலை கிடைத்த கலைஞர், போர்டு எழுதுகிற பெயின்டர்.

கரகாட்டக்காரர் தலையில் கரகம் ஆடும், விழாது. அவருடைய கோப்பு ஆடுவதுமில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்து ராஜபாளையத்தில், முன்னாள் முதல்வர் பி.எஸ். குமாரசாமி ராஜா தம் சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்கு எழுதிவைத்தார். துறை பிறப்பதற்குப் பல ஆண்டு முந்திய கதை. கொடுத்தவர் வருமானச் சான்றும் இரண்டு புகைப்படமும் இணைத்தாரா என்று தணிக்கையில் இன்னும் யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.