அம்மாயிக்கு ஒரு பதிவு இலக்கம்

பெறுநர்:
வீட்டில் பிள்ளை பார்ப்போர் பதிவாளர் (இனிமேல் நியமிக்கப்பட இருப்பவர்),
பதுளை.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மணி,

தங்கள் பதவி இன்னும் உருவாகவில்லை, தங்கள் கதிரைக்குத் தச்சன் மரமும் அறுக்கவில்லை. ஆனாலும் விண்ணப்பம் முந்திக்கொள்கிறது. ஊவா மலையில் கடிதம் போய்ச் சேர்வதற்குள் பதவியே வந்து போய்விடக்கூடும் என்ற பயம்தான் காரணம்.

விண்ணப்பதாரர் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருக்கும் ஓர் அம்மாயி. பசறை, லுணுகலை, மடுல்சீமை, அப்புத்தளை என்று எந்தப் பக்கம் போய் விசாரித்தாலும் இப்படி ஒருவரைக் கைகாட்டுவார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்துவிட்டுக் கூடையை இறக்கியவர். இப்போது இடுப்பில் ஒன்று, தொட்டிலில் ஒன்று, இஸ்தோப்பில் இரண்டு. அதில் சொந்தப் பேரன் ஒருவன்தான். மற்றவை பக்கத்துக் காம்பராப் பிள்ளைகள். கால்விரலால் தொட்டில் கயிற்றை இழுத்துக்கொண்டே அரிசியில் கல் பொறுக்குவார். பால் போத்தல் மாறாமலிருக்க ஒன்றின் கழுத்தில் சிவப்பு நூல், மற்றதில் பச்சை நூல். சம்பளம் போட்ட அன்று தாய்மார் கொடுப்பதுதான் கூலி. கை வறண்ட மாதத்தில் அது ஒரு பொதி சீனியாகவும் வரும்.

வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்க்கத் தோட்டத்தில்தான் பிள்ளைக் காம்பரா இருக்கிறதே என்று தாங்கள் கேட்கலாம். இருக்கிறது. 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கப் பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டத்தைத் தாங்கள் மனப்பாடம் செய்திருப்பீர்கள். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பால் கொடுக்க, ஒன்பது மணி நேர வேலைக்குள் தாய்க்கு இரண்டு இடைவேளை உண்டு. வேலைத்தலத்தில் பிள்ளைக் காம்பரா இருந்தால் அரை மணிக்குக் குறையாமல், இல்லாவிட்டால் ஒரு மணிக்குக் குறையாமல். மேல்மலையில் கொழுந்தெடுக்கும் தாய் இறங்கி வந்து ஏறுவதற்கே அந்த அரை மணி போதாது என்பது சட்டம் எழுதியவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவருக்கு மேடு ஏறும் வேலை இருந்திருக்காது. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போனபின், எல்லோரும் 'ட்ரஸ்ட்' என்று சொல்லும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் வந்தது. பிள்ளைக் காம்பரா சிறுவர் அபிவிருத்தி நிலையமானது, ஆயாம்மா சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஆனார். பல நிலையங்கள் உண்மையாகவே சீராகின, சுவரில் யானையும் மயிலும் ஏறின. குறை சொல்வதற்கில்லை.

ஆனால் அந்தக் கதவு ஆளெண்ணி வேலை பிரிக்கும் பெரட்டு நேரத்துக்குத் திறந்து, கொழுந்து நிறுத்து முடிய மூடும் கதவு. இன்றைய தாய் பெரட்டுக்குப் போகிறவளாக மட்டும் இல்லை. ஒருத்தி வெலிமடை மரக்கறித் தோட்டத்தில் நாட்கூலி, ஒருத்தி பண்டாரவளைப் புடவைக்கடையில் நிற்கிறாள், ஒருத்தி எல்ல ஊரில் வெள்ளைக்காரர் தங்கும் விடுதியில் படுக்கை விரிக்கிறாள். கடைசி பஸ் பிந்தினால் பிள்ளை எங்கே இருக்கும்? அம்மாயியின் மடியில்தான்.

இனிப் படிவத்துக்கு வருவோம். தாங்கள் அதை இங்கிலாந்திலிருந்து பிரதி எடுப்பீர்கள் என்று நம்ப இடமுண்டு. தேயிலைத் தோட்டத்துக்கு அடுத்தபடியாக நமக்கு வெள்ளைக்காரரிடமிருந்து வந்தவை படிவங்கள்தானே. இங்கிலாந்தில் வீட்டில் பிள்ளை பார்ப்பவர் ஒஃப்ஸ்டெட் என்ற அரச அமைப்பிலோ அதில் பதிந்த முகவர் நிறுவனத்திலோ பதிய வேண்டும். எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 6 பேருக்கு மேல் கூடாது. அவர்களில் சின்னஞ்சிறுசுகள் பொதுவாக 3, ஒரு வயது நிரம்பாதது 1. இரண்டு வயதுக்குக் கீழே ஒரு பிள்ளைக்கு 3.5 சதுர மீட்டர் இடம் வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவை இந்தக் கணக்கில் அளந்தால் மூன்று குழந்தைக்குச் சரியாக வருகிறது. கட்டில், அரிசி மூட்டை, சாமிப்படம், அம்மாயி ஆகிய நான்கையும் வெளியே வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

முதலுதவிப் பயிற்சி 12 மணி நேரம் என்கிறது அந்த விதி. இதில் பகடி இல்லை, அது வேண்டும். அடுப்புப் புகை, கொதிக்கும் தண்ணீர், மூலையில் கிடக்கும் களை கொல்லும் புல்லெண்ணெய்க் கேன், லயத்துக்கு முன்னால் மூடாத கான் என்று பிள்ளைக்கு ஆபத்து அங்கே கை எட்டும் தூரத்தில் கிடக்கிறது. அழுகிற குழந்தையின் நாக்கில் வசம்பு தடவும் பழக்கத்தையும் யாராவது பக்குவமாகச் சொல்லி நிறுத்த வேண்டும். வகுப்பு வைத்தால் அம்மாயி முன்வரிசையில் வந்து உட்காருவார். தமிழில் வையுங்கள், தோட்டத்திலேயே வையுங்கள். பதுளைக்கு வரச் சொன்னால் அன்றைக்குப் பிள்ளைகளை யார் பார்ப்பது?

அடுத்த கேள்வி, வீட்டின் உரிமைப் பத்திரம். காணி அரசாங்கத்தினுடையது, குத்தகை கம்பனியினுடையது, மழைக்கு ஒழுகும் தகரம் மட்டும் அம்மாயியினுடையது. 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் விழா எடுத்து 2,000க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு வீட்டு உரிமை ஆவணம் கொடுத்தார்கள். நல்ல காரியம்தான், பந்தி அம்மாயியின் லயம் வரை இன்னும் வரவில்லை.

கட்டடம் பாதுகாப்பானது என்ற சான்றிதழும் கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை ஊவா மறக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. கடதாசி வேளைக்கே வந்துவிட்டது. குடியேற வேறு வீடுதான் வரவில்லை. ஆகவே சான்றிதழ் இல்லை என்று அம்மாயியின் விண்ணப்பத்தைத் தள்ளுவதற்குமுன், சான்றிதழ் கிடைக்கக்கூடிய வீடு ஒன்றைத் தருவது யார் பொறுப்பு என்று படிவத்தின் ஓரத்தில் ஒரு கட்டம் போட்டு நிரப்பிவிடுங்கள்.

அரசாங்கத்துக்கு அம்மாயி புதிய ஆளும் அல்ல. 2013இல் வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்குக் 'குடும்பப் பின்னணி அறிக்கை' கட்டாயமானது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் போகக்கூடாது, மற்றவர்கள் பிள்ளையைப் பார்க்கப்போகிறவர் யாரென்று காட்ட வேண்டும் என்றாயிற்று. 2022இல் டொலர் வற்றியதும் அந்த ஐந்து இரண்டானது. அப்படிக் காட்டப்பட்ட ஆள் பெரும்பாலும் யார்? இதே அம்மாயி, இதே காம்பரா. தாய் ரியாத்திலிருந்து பணம் அனுப்புவதாயிருந்தால் ஒழுகும் தகரத்தின் கீழே பிள்ளை பத்திரமாக இருக்கும் என்று முத்திரை குத்தலாம். பக்கத்துக் காம்பராப் பிள்ளை அதே பாயில் படுத்தால் மட்டும் சதுர மீட்டர் குறைந்துபோகுமோ?

வீட்டைப் பதிந்து தொழில் நடத்தும் வித்தை இந்த மாவட்டத்துக்குத் தெரியாததும் அல்ல. எல்ல ஊரில் சாதாரண வீடுகளைச் சுற்றுலா அதிகார சபை பயணிகள் தங்குமிடமாகப் பதிந்துகொள்கிறது. அங்குள்ள பாலத்தில் ரயில் போவதைப் பார்க்க வந்தவருக்குக் கட்டிலும் காலைச் சாப்பாடும் கொடுக்க வழி உண்டு. பசித்து அழும் பத்து மாதக் குழந்தைக்கு டொலரில் பில் எழுத முடியாதது அதன் குற்றமாக இருக்கலாம்.

தகுதிப் பத்தியில் அம்மாயி வகுப்பு எதையும் காட்டவில்லை. பெற்றவர், வளர்த்தவர், தோட்டத்துப் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு முதல் குளிப்பு ஊற்றியவர் என்று எழுதியிருக்கிறது. கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் அடையாளம். மை காய்வதற்குள் சின்னவன் கையை வைத்துவிட்டதால் இன்னொரு சிறிய விரலும் பக்கத்தில் விழுந்திருக்கிறது. அதைச் சாட்சியின் அடையாளமாக எடுத்துக்கொள்ளவும்.

பரிசோதனைக்கு வருவதானால் காலை ஆறு மணிக்கு வாருங்கள், அப்போதுதான் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவார்கள். வாகனம் தொழிற்சாலை வரைதான் வரும். அதற்கு மேல் படி, மழைநாளில் அட்டை கடிக்கும், காலுக்குச் சவர்க்காரம் பூசி வருவது நல்லது. முடிவை எழுத்தில் அனுப்பும்போது தோட்டத்தின் பெயர், டிவிசன், லய இலக்கம் மூன்றையும் போடுங்கள். காம்பராவுக்கென்று தனி விலாசம் கிடையாது; கடிதம் தோட்டக் கந்தோர் மேசையில் கிடந்து, யாராவது கண்டு சொன்னால்தான் கைக்கு வரும்.

இப்படிக்கு,
விண்ணப்பதாரருக்காகப் படிவம் நிரப்பியவர்