ஏழு மதில் தாண்டினாத்தான் டவர் தரிசனம்

வா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. மொகத்தைப் பார்த்தாலே தெரியுது, டப்பா இன்னும் பேசலை. காலையில கல்லணை ரோட்டு டீக்கடையில கேட்டாங்க: "உங்க பேரன் மோட்டார் கொட்டாய் மேல ஏறி ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நிக்கிறானே, ஏதாச்சும் வேண்டுதலா?" நானும் ஆமான்னுட்டேன். பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை பாக்கிற பிள்ளை, உள்ளங்கை அகல மோடம் டப்பாக்கிட்ட தோத்துட்டான்னு சொன்னா உத்தமர்சீலியில நான் எப்படித் தலை நிமிர்ந்து நடக்கிறது?

தப்பா நினைக்காதே. நீ செஞ்சது நல்ல காரியம். சிம் போட்ட ஸ்டார்ட்டரோட அருமை, ரெண்டு ஆத்துக்கும் நடுவுல இந்தத் தீவுல வாழை வச்சவனுக்குத்தான் தெரியும். 1990-ல இருந்து விவசாயத்துக்கு கரண்டு இலவசம். ஆனா அந்த மும்முனை கரண்டு எங்க காலத்துல முறை வச்சுத்தான் வரும். பாதி நாள் நடுராத்திரியிலதான் வரும். ஒரு கையில டார்ச்சு, இன்னொரு கையில தடி, வாய்க்கால் வரப்புல எது கயிறு எது பாம்புன்னு பார்த்துப் பார்த்து நடக்கணும். "இவரு தாலி கட்டினது எனக்கா, அந்த ஏழரை எச்பி மோட்டாருக்கா"ன்னு உங்க அப்பாயி கேப்பா. ரெண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்ததால நான் வாயைத் திறக்கலை.

இந்தக் கஷ்டம் நமக்கு மட்டும் இல்லை. புனேக்காரர் ஒருத்தர், சந்தோஷ் ஒஸ்த்வால்னு பேரு. அவரோட தாத்தாவும் தள்ளாத வயசுல ராத்திரியில தோட்டத்துக்கு நடந்தவர்தானாம். அதைப் பார்த்து மனசு கேக்காம, போன் போட்டா மோட்டார் ஓடுற மாதிரி ஒரு கருவி செஞ்சார். 'நானோ கணேஷ்'னு பேர் வச்சார். 2009-ல நோக்கியா கம்பெனி அதுக்குப் பரிசே கொடுத்துச்சு. இப்ப நம்ம வேளாண்மைப் பொறியியல் துறையிலேயே இந்த மாதிரிக் கருவிக்கு மானியம் தர்றாங்க. பார்த்துக்க, தாத்தா நடந்ததைப் பார்த்து ஒரு பேரன் கருவி செஞ்சான். இன்னொரு பேரன் கருவி வாங்கி வந்து, அது வேலை செய்யுதான்னு பார்க்கத் தாத்தாவை நாலு தடவை நடக்க விட்டான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பொறந்ததுல இருந்து பெரிய கோயிலுக்குப் போறியே, ரெங்கநாதர் எங்க படுத்திருக்கார்? ஏழு மதிலுக்கு உள்ள. நீ என்னடான்னா ஆத்துல கால் நனைச்சதும் நேரா மூலஸ்தானத்துக்குள்ள குதிக்கப் பாக்கிற. மூணு நாளா 'ஏபிஎன் சரியில்லை, ஏபிஎன் சரியில்லை'ன்னு ஜபம் பண்றியே, அது கடைசி மதில். டவர் தரிசனமும் ஏழு மதில் தாண்டித்தான். வெளியில இருந்து ஒவ்வொண்ணா வா.

முதல் மதில் அடையவளஞ்சான். இங்க கேள்வி ஒண்ணுதான்: கரண்டு போதுமா? மோடம் சும்மா இருக்கிறப்ப சாதுவா இருக்கும். டவரைக் கூப்பிடுறப்ப கன்னுக்குட்டி மடியை முட்டுற மாதிரி ஒரே இழுப்பா இழுக்கும். பழைய 2ஜி டப்பாவெல்லாம் அந்த ஒரு நொடிக்கு 2 ஆம்பியர் வரைக்கும் கேக்கும். நீ சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் மலிவா கிடைச்சதுன்னு ஒரு சார்ஜர் வாங்கி மாட்டினா, விளக்கு எரியும், கூப்பிடும், மயங்கி விழும், திரும்ப எரியும். பார்க்கிறவன் 'டவர் பிரச்சினை'ம்பான். பசியில மயங்குறவனுக்கு எதுக்குடா பேயோட்டணும்?

டப்பா உயிரோட இருக்கான்னு பார்க்க நீ கம்ப்யூட்டர்ல ஏதோ தட்டினியே, அதை எட்டிப் பார்த்தேன். 'ஏடி'ன்னு தட்டுற, அது 'ஓகே'ங்குது! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அம்பது வருஷமா இந்த வீட்டுல நானும் 'ஏடி'ன்னு கூப்பிட்டுப் பார்க்கிறேன், ஒரு நாளும் 'ஓகே' வந்ததில்லை. அப்புறம் நீயே சொன்ன, அது 'அட்டென்ஷன்'கிறதோட சுருக்கம், 1981-ல அமெரிக்காவுல ஹேய்ஸ்னு ஒருத்தர் மோடத்துக்காக வச்ச பாஷை, இன்னைக்கு வரைக்கும் அதேதான்னு. நல்ல பாஷை. 'ஏடி'ன்னு மரியாதையில்லாமக் கூப்பிட்டும் பதில் வருதுன்னா, முதல் மதில் தாண்டியாச்சு.

ரெண்டாவது மதில் சித்திரை வீதி. இங்கதான் சிம்மு. இந்தத் தெருவுல தேர் நின்ன கதைதான் அதிகம். 2ஜி டப்பாவுல ஜியோ சிம்மைப் போட்டுட்டு, மண்டபத்துல மழைக்கு ஒதுங்கின மாதிரி காத்திருந்தவங்களை எனக்குத் தெரியும். ஜியோவுக்கு 2ஜியே கிடையாது, 2016-ல ஆரம்பிச்சதே 4ஜியிலதான். இல்லாத ரயிலுக்கு டிக்கெட் எடுத்துட்டு, 'ஜங்ஷன்ல வண்டி லேட்டு'ன்னா எப்படி? அப்புறம் சிம்மோட வெட்டின மூலை எந்தப் பக்கம்னு பார்த்துப் போடணும். சின்ன சிம்மைச் சட்டத்துல வச்சுச் சொருகினா, எடுக்கிறப்ப சட்டம் மட்டும் வெளிய வரும், சிம்மு உள்ள குடியேறிடும்.

இன்னொண்ணு, ரீசார்ஜ். டப்பாவுல கிடக்கிற சிம்முக்குப் பணம் தீரப்போகுதுன்னா, அந்த மெசேஜ் எங்க வரும்? அந்த சிம்முக்கேதான். டப்பாவுக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. வந்த கடுதாசியையெல்லாம் வாங்கி வாங்கிப் பரண்ல போட்டுட்டு உக்காந்திருக்கும். இதைக் காதுல வாங்கிக்க, அப்புறம் பேசுவோம்.

மூணாவது, உத்திர வீதி. ரகசிய எண். சிம்முக்குப் பூட்டு இருந்தா டப்பா வாசல்லயே நிக்கும். மூணு தடவை தப்பா அடிச்சா பியூகேன்னு இன்னொரு எண்ணைக் கேக்கும். அதையும் பத்துத் தடவை தப்பா அடிச்சா சிம்முக்குக் காரியம் பண்ணிட வேண்டியதுதான். முதல்ல சிம்மை ஒரு போன்ல போட்டுப் பூட்டை எடுத்துட்டு, அப்புறம் டப்பாவுல போடு.

நாலாவது மதில் ஆன்டெனா. நீ டப்பாவை எங்க வச்சிருக்க? ஸ்டார்ட்டரோட இரும்புப் பொட்டிக்குள்ள. ஆன்டெனாவும் உள்ளயே. இரும்புப் பொட்டிக்குள்ள அலை நுழையாதுடா. கதவைச் சாத்திக்கிட்டு 'யாரும் என்னைப் பார்க்க வரலை'ன்னு அழுதா எப்படி? ஓட்டை போட்டு ஒயரை வெளிய எடு. மூங்கில் கழியில, வாழை உசரத்துக்கு மேல கட்டு. ஒயர் நீளமானா வழியிலேயே பாதி சிக்னல் கரைஞ்சு போகும், தேவைக்கு மட்டும் விடு. வைஃபை ஆன்டெனா பார்க்க அச்சு அசல் இதே மாதிரிதான் இருக்கும், மரையும் ஏறும், ஆனா நடுவுல ஊசி சேராது. மாப்பிள்ளைத் தோழனுக்கு மாலையைப் போட்டுட்டு, முகூர்த்தம் முடிஞ்சுதுன்னு நினைச்சுக்காதே.

அஞ்சாவது மதில் சிக்னல். இதுல நம்ம ஊரு தனி ஊரு. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவேரி, நடுவுல நாம, சுத்தியும் வாழை. வாழையில என்ன இருக்கு? தண்டுலயும் தண்ணி, இலையிலயும் தண்ணி. ஆனைக்காவுல சாமியே தண்ணியா இருக்கார், தோட்டத்துல தண்ணியே மரமா நிக்குது. தண்ணி ரேடியோ அலையைக் குடிக்கும். கன்னு நட்டப்ப நல்லா பேசின டப்பா, பூவன் குலை தள்ளுறப்ப ஊமையாகும். நீ டப்பாவைத் திட்டுவ, குத்தம் வாழையோடது.

அதுலயும் ஒரு சூட்சுமம். பக்கத்து ஊர்த் திருவிழாவுல உருமிச் சத்தம் கொள்ளிடம் தாண்டி வரும், ஜால்ராச் சத்தம் வராது. அதே மாதிரிதான் 900 மெகாஹெர்ட்ஸ் அலை இலைதழையைத் தாண்டித் தூரமா வரும், 2300 சீக்கிரமே சோர்ந்துடும். வெளிநாட்டுல இருந்து உங்க சித்தப்பன் டப்பா வாங்கி அனுப்பினா, நம்ம ஊரு 4ஜி ஓடுற 1800, 2300 எல்லாம் அதுக்குத் தெரியுமான்னு அட்டையில படிச்சுப் பார்.

மார்க்கு பார்க்கிற விதத்தையும் நீதான் சொல்லிக் கொடுத்த. சிஎஸ்க்யூன்னு கேட்டா 0-ல இருந்து 31 வரைக்கும் ஒரு நம்பர் சொல்லும். 10-க்குக் கீழ சீக்காளி, 15-க்கு மேல ஆள் தெம்பு. 99-ன்னு வந்ததும், 'நூத்துக்கு ஒண்ணுதான் குறைச்சல்'னு நீ குதிச்சியே, எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை. 99-ன்னா ஒண்ணுமே கேக்கலைன்னு அர்த்தம். உசரமா இருக்குன்னு கோபுரத்துப் பக்கம் ஆன்டெனாவைத் திருப்பாதே. ராஜகோபுரத்தை 236 அடிக்குத் தூக்கி 1987-ல கும்பாபிஷேகம் பண்ணாங்க. இந்தியாவுல முதல் செல்போன் பேச்சே 1995 ஜூலை 31-லதான், ஜோதி பாசு கல்கத்தாவுல இருந்து டெல்லிக்குப் பேசினார். அந்தக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தாப் புண்ணியம் கிடைக்கும், சிக்னல் கிடைக்காது. ஆன்டெனாவை டவர் இருக்கிற திக்குக்குத் திருப்பு. லால்குடிப் பக்கம் ஒண்ணு, திருவெறும்பூர்ப் பக்கம் ஒண்ணுன்னு ரெண்டையும் மாறி மாறிப் பிடிச்சா, ரெண்டு வீட்டு விருந்தாளி பட்டினி கிடந்த கதைதான்.

ஆறாவது மதில், டவர்க்காரன் உன்னை ஆளா மதிச்சுப் பதிவேட்டுல எழுதுறது. 'சிரெக்'னு கேட்டா ரெண்டு எண் வரும், அதுல ரெண்டாவதைப் பார். 1-ன்னா சொந்த ஊர்க்காரன், உள்ள வா. 5-ன்னா வெளியூர்க்காரன், பரவாயில்லை வா. 2-ன்னா இன்னும் தேடிக்கிட்டிருக்கு, பொறு. 3-ன்னா கழுத்தைப் பிடிச்சுத் தள்ளிட்டான், போய் சிம்மைப் பார். இதுல 2-க்கு அழாதே, 3-க்குக் காத்திருக்காதே. நீ நேரெதிரா செஞ்ச.

ஏழாவது மதில்தான் உன் ஏபிஎன். பூவன் தாரை லாரியில ஏத்தி காந்தி மார்க்கெட்டுக்கு அனுப்பிட்டு, எந்த மண்டின்னு சொல்லலைன்னா லாரி என்ன செய்யும்? ரோட்டுல நிக்கும். அந்த மண்டிப் பேருதான் ஏபிஎன். ஏர்டெல்லுக்கு ஏர்டெல்ஜிபிஆர்எஸ் டாட் காம், ஜியோவுக்கு ஜியோநெட், பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட். ஒரு எழுத்து கூடக்கூடாது, குறையக்கூடாது. பேர் சரியா இருந்தா விலாசம் கிடைக்கும். அந்த விலாசம் 10-லயோ 100-லயோ ஆரம்பிச்சா, அது தெரு முழுக்கப் பங்கு போட்ட விலாசம். வெளியில இருந்து நேரா கதவைத் தட்ட முடியாது. பரமபத வாசல் மாதிரி, நீ நினைச்ச நாள்ல திறக்காது. டப்பாதான் உள்ள இருந்து வெளிய கூப்பிட்டுப் பேசணும். பெங்களூர்ல உக்காந்து நீ தட்டித் தட்டிக் கை வீங்கினது அதனாலதான்.

தரிசனம் முடிஞ்சதும் செருப்பை மறந்துடாதே. யார் போன் பண்ணினா மோட்டார் ஓடணும்னு ஸ்டார்ட்டர்ல நம்பர் பதியணும். போன வருஷம் பழைய ஸ்டார்ட்டர்ல நான் பதியாம விட்டேன். ஒரு ராத்திரி நான் தூங்குறேன், மோட்டார் தானா ஓடுது. விடிஞ்சு பார்த்தா ரஸ்தாளி முழங்கால் தண்ணியில நிக்குது. விசாரிச்சா, முதல் நாள் சாயங்காலம் 'சார், கடன் வேணுமா'ன்னு எந்தக் கம்பெனியில இருந்தோ ஒரு பொண்ணு அந்த நம்பருக்குக் கூப்பிட்டிருக்கு. நம்ம மோட்டாரு கடன் வேண்டாம்னு சொல்லத் தெரியாம, ஓடிக் காட்டியிருக்கு. டப்பாவோட கூட வந்த கடவுச்சொல்லையும் முதல் நாளே மாத்து. ஊருக்கே தெரிஞ்ச சாவி பூட்டுக்கு ஆகாது.

என்ன, எல்லாம் புரிஞ்சுதா? நோட்டுல எழுதிக்கிட்டியா? நல்லது. இப்ப ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. நேத்து சாயங்காலம் நான் என் போன்ல இருந்து உன் டப்பா நம்பருக்கு அடிச்சுப் பார்த்தேன். ஒரு அம்மா நல்ல தமிழ்ல சொல்லிச்சு, இந்த எண்ணுக்கு வரும் அழைப்புச் சேவை நிறுத்தப்பட்டிருக்குன்னு. டப்பா நல்ல டப்பா, ஏபிஎன்னும் சரி. நீ மூணு நாளா ஏழாவது மதிலை முட்டுற, டப்பா ரெண்டாவது மதில்ல நிக்குது.

நேத்தே ஏன் சொல்லலைங்கிறியா? நீ கேக்கலையே. எனக்கு நீ குடுக்கிறதெல்லாம் மிஸ்டு காலு. மிஸ்டு காலுக்கு ஓடுறதுக்கு நான் என்ன மோட்டாரா?

போ, முதல்ல ரீசார்ஜைப் போடு. தீர்ற தேதியை மோட்டார் கொட்டாய் சுவத்துல கரிக்கட்டையால பெரிசா எழுதி வை.