ஆன்லைனில் ஆர்.ஜே. ஆகலாமா?

பி.காம். மாணவி, விருதுநகர்: ஆன்லைன் வகுப்பில் படித்தே ஆர்.ஜே. ஆகிவிட முடியுமா?

பாதி ஆகலாம். ஸ்கிரிப்ட் எழுதுவது, பேட்டிக்குத் தயாராவது, பதிவு செய்ததை வெட்டி ஒட்டுவது, பின்னணி இசை சேர்ப்பது எல்லாமே வீட்டிலிருந்தபடி நன்றாகக் கற்றுக்கொள்ளக் கூடியவை. சிவப்பு விளக்கு எரியும்போது மைக் முன்னால் உட்கார்ந்திருப்பதை மட்டும் எந்த ஆன்லைன் வகுப்பும் கற்றுத் தராது. ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு இன்னும் சில நொடியில் முடிந்துவிடும். அடுத்த பாட்டு திறக்க மறுக்கிறது. போனில் ஒரு நேயர் காத்திருக்கிறார். விளம்பரத்துக்குப் போக வேண்டிய நேரம் வேறு வந்துவிட்டது. இத்தனைக்கும் நடுவில் குரலில் ஒரு நடுக்கமும் தெரியாமல் பேச வேண்டும். இணையவழி அழைப்பில் பேச்சே சற்றுத் தாமதித்துத்தான் வந்து சேர்கிறது. நொடி பிசகாமல் பேசும் பழக்கம் அதில் எப்படி வரும்? பாதிப் படிப்பு மடிக்கணினியில், மீதி ஏதாவது ஒரு நிலையத்தில் என்று இப்போதே திட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

பாலிடெக்னிக் மாணவர், ஓசூர்: என் குரல் கரகரப்பானது. வானொலிக்குச் சரிப்படுமா?

கரகரப்பு தாராளமாகச் சரிப்படும். மென்று விழுங்குவதுதான் சரிப்படாது.

தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. அமைச்சர் பதவி விலகினாரா, விலக மறுத்தாரா என்பது கடைசிச் சொல்லில்தான் தெரியும். அந்தச் சொல்லுக்கு வருவதற்குள் உங்கள் மூச்சு தீர்ந்துபோனால் நேயருக்கு அமைச்சர் கிடைப்பார், செய்தி கிடைக்காது. டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி வாசித்த சரோஜ் நாராயணசுவாமியின் பழைய பதிவு ஏதாவது கிடைத்தால் கேளுங்கள். பின்னாளில் நாடகத்திலும் சினிமாவிலும் புகழ்பெற்ற பூர்ணம் விஸ்வநாதனும் அங்கே செய்தி வாசித்தவர்தான். இரண்டும் முற்றிலும் வேறு வேறு குரல்கள், இரண்டுக்கும் இடமிருந்தது.

தினமும் நாளிதழின் தலையங்கத்தை உரக்கப் படித்துப் பதிவு செய்து கேளுங்கள். ல, ள, ழ எங்கே கலக்கின்றன, ர எங்கே ற ஆகிறது, எந்தச் சொல்லில் மூச்சு முறிகிறது என்று பென்சிலால் குறித்து வையுங்கள். நீள வாக்கியம் வந்தால் மூச்சைப் பிடிக்காதீர்கள், வாக்கியத்தை உடையுங்கள்.

இல்லத்தரசி, தஞ்சாவூர்: வீட்டில் ஒலிப்பதிவு செய்ய என்னென்ன வாங்க வேண்டும்?

முதல் மாதம் எதுவும் வாங்காதீர்கள். கையில் இருக்கும் செல்போன் போதும். பதிவைக் கெடுப்பது பெரும்பாலும் மைக் அல்ல, வெறும் சுவர்கள் திருப்பி அனுப்பும் எதிரொலி. மெத்தையும் போர்வையும் துணி அலமாரியும் இருக்கிற அறையைத் தேர்ந்தெடுங்கள். ஃபேனை நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள், குக்கர் மூன்று விசில் முடிக்கும்வரை பொறுத்திருங்கள். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி வேண்டும். மைக் நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருந்தால் 'ப' வரும் இடங்களில் காற்று வந்து மோதாது. வெட்டி ஒட்ட ஆடாசிட்டி இருக்கிறது, இலவசம். மூலப் பதிவை வேவ் கோப்பாக வைத்துக்கொண்டு, அனுப்புவதற்கு மட்டும் எம்பி3 ஆக்குங்கள். பழகப் பழக மைக்கின் குறை உங்கள் காதுக்கே தெரியவரும். அன்றைக்கு நல்ல மைக் வாங்கலாம்.

ஐ.டி. ஊழியர், சென்னை: 'ஒரே வாரத்தில் ஆர்.ஜே., வேலை உத்தரவாதம்' என்று விளம்பரம் வருகிறதே?

உத்தரவாதத்தை எழுத்தில் கேளுங்கள். விளம்பரம் அங்கேயே மௌனமாகிவிடும்.

பணம் கட்டுமுன், கற்பிப்பவர் எந்த நிலையத்தில் எத்தனை காலம் வேலை பார்த்தவர் என்று விசாரியுங்கள். அதைவிட முக்கியம், ஒவ்வொரு வாரமும் உங்கள் பதிவை ஒரு மனிதர் கேட்டு, 'இந்த இடத்தில் தேய்கிறது, அந்த இடத்தில் அவசரம்' என்று திருத்திச் சொல்வாரா என்பது. சொல்வார் என்றால் கட்டணம் கொடுக்கலாம். வெறும் காணொளித் தொகுப்பு என்றால், அது இலவசமாகவே ஏராளமாகக் கிடைக்கிறது. 'இக்னோ' திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒலி நிகழ்ச்சித் தயாரிப்புக்கு முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்தியிருக்கிறது. அப்படிப்பட்ட படிப்புகளில் இந்த ஆண்டு சேர்க்கை உண்டா என்று பார்த்துவிட்டு, தனியார் வகுப்புகளைப் பிறகு யோசியுங்கள்.

பட்டதாரி, திருநெல்வேலி: தனியார் எஃப்.எம்.மில் செய்தி வாசிக்க ஆசை. வழி சொல்லுங்கள்.

வழி இல்லை. தனியார் எஃப்.எம். நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப நம் நாட்டில் அனுமதி கிடையாது. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் மறு ஒலிபரப்புச் செய்யலாம், அவ்வளவுதான். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. தொலைக்காட்சிக்கு இருக்கும் உரிமை வானொலிக்கும் இருக்க வேண்டும்.

உங்கள் ஊரிலேயே அகில இந்திய வானொலி நிலையம் இருக்கிறது. நிலையங்கள் அவ்வப்போது பகுதிநேர அறிவிப்பாளர்களுக்கு விளம்பரம் கொடுக்கும். எழுத்துத் தேர்வு, குரல் தேர்வு, பிறகு 'வாணி' என்ற பயிற்சி. இது நிரந்தர வேலை அல்ல, அழைக்கும் நாளுக்குத்தான் ஊதியம் என்பதைத் தெரிந்துகொண்டே போங்கள். ஆனால் அங்கே கற்கும் ஒழுங்கு வாழ்நாள் முழுக்க உடன் வரும்.

ஓய்வு பெற்ற ஆசிரியர், நாகப்பட்டினம்: இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவன் நான். இன்றைய பிள்ளைகளுக்கு அந்த அறிவிப்பாளர்களால் பயன் உண்டா?

நிறைய உண்டு ஐயா. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத் மூவரின் பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்கட்டும். வேகத்தில் பேசியும் ஒரு எழுத்தைக்கூடத் தவறவிடாமல் இருக்கலாம் என்பது கே.எஸ். ராஜாவிடம் தெரியும். நேயரை மதித்துப் பேசுவது எப்படி என்பது அப்துல் ஹமீதிடம் தெரியும். யாரையும் நகல் எடுக்க வேண்டாம். அகில இந்திய வானொலி, இலங்கை வானொலி, பி.பி.சி. மூன்றிலும் பணியாற்றிய சோ. சிவபாதசுந்தரம் 'ஒலிபரப்புக் கலை' என்றே ஒரு நூல் எழுதியிருக்கிறார். எந்த ஆன்லைன் பாடத்திட்டத்தோடும் சேர்த்துப் படிக்க வேண்டிய நூல் அது. உங்கள் பள்ளி நூலகத்தில் இருந்தால் தூசி தட்டிப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்.

கல்லூரி மாணவர், ராமநாதபுரம்: 'ஒரு நிலையத்தில் பழகு' என்கிறார்கள் எல்லோரும். எந்த நிலையம் எங்களை உள்ளே விடும்?

சமுதாய வானொலி விடும். அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 2004 பிப்ரவரியில் தொடங்கியது. இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி அது. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் உரிமம் கொடுக்க அரசு முடிவு செய்தது. உங்கள் மாவட்டத்திலேயே பாம்பனில் மீனவர்களுக்காகக் 'கடல் ஓசை' 2016-இல் வந்தது.

இந்த நிலையங்களின் ஒலி பத்துப் பதினைந்து கிலோமீட்டரைத் தாண்டாது. அதுதான் அவற்றின் பலம். காற்றின் வேகத்தைத் தப்பாகச் சொன்னால் மறுநாள் மீன் ஏலம் நடக்கும் இடத்தில் உங்களை நிறுத்திக் கேட்பார்கள். நன்றாகப் பேட்டி எடுத்தால் அதே இடத்தில் டீ வாங்கித் தருவார்கள். நேயரின் முகத்தைப் பார்த்துக் கற்கும் வாய்ப்பு பெருநகர எஃப்.எம்.மில் சேர்ந்தவருக்குக்கூடச் சுலபத்தில் கிடைக்காது. சம்பளம் பெரும்பாலும் இருக்காது. வாரத்துக்கு ஒரு நாள் தன்னார்வலராகப் போங்கள். கேபிள் சுருட்டச் சொன்னால் சுருட்டுங்கள். கன்சோலில் ஃபேடரைத் தொடும் நாள் தானாக வரும்.

பொறியாளர், கோயம்புத்தூர்: ஏ.ஐ. குரல் வந்துவிட்டது. இனி இந்த வேலையே மிஞ்சுமா?

நேரம் சொல்வதும் விளம்பரம் வாசிப்பதும் இயந்திரத்துக்குப் போகும். 2015 பெருவெள்ளத்தின்போது கடலூரில் தற்காலிகமாக ஒரு பேரிடர்கால வானொலி நடத்தினார்கள். மின்சாரம் இல்லாத ஊரில் பேட்டரி ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு, தன் ஊர்ப் பெயரைச் சரியாக உச்சரித்து, எங்கே சாப்பாடு, எங்கே மருத்துவர் என்று சொல்லும் ஒருவர் வேண்டும். அந்த வேலை மிஞ்சும்.

பிளஸ் டூ மாணவி, தேனி: டெமோ அனுப்பினால் கேட்பார்களா?

முதல் பத்து நொடி கேட்பார்கள். அதில் இசையை ஓடவிட்டால் இசையமைப்பாளருக்குத்தான் வேலை கிடைக்கும். எடுத்த எடுப்பில் உங்கள் குரல் வரட்டும். மொத்தமே இரண்டு, மூன்று நிமிடம்: ஒரு பாட்டுக்கு முன்னால் பேசுவது, ஒரு குட்டிப் பேட்டி, வாசிப்பு கொஞ்சம். சினிமாப் பாட்டை முழுதாகச் சேர்க்காதீர்கள். நிலையங்கள் அதற்கு உரிமத்தொகை கட்டுகின்றன, நீங்கள் கட்டவில்லை. பேட்டிக்குப் பிரபலங்களைத் தேட வேண்டாம். உங்கள் தெருவில் ஏலக்காய் தரம் பிரிக்கும் அக்காவிடம் ஐந்து கேள்வி கேளுங்கள், அவர் பேசும்போது குறுக்கே போகாதீர்கள். இந்த வாரமே பதிவு செய்யுங்கள், அம்மா. தேர்வு முடிந்ததும் பக்கத்தில் எந்தச் சமுதாய வானொலி இருக்கிறதென்று விசாரித்து, அந்தப் பதிவோடு நேரில் போய் நில்லுங்கள்.