கையால் வரைந்து கணினியில் கெடுப்பது எப்படி?

இறுதியாண்டு வந்துவிட்டது. அனிமேஷன் குறும்படம் ஒன்று கொடுத்தால்தான் பட்டம். "பாதி கைவேலை, பாதி டிஜிட்டல் சார்" என்று நீங்களே வாயை விட்டுவிட்டீர்கள். துறைத்தலைவரும் தலையாட்டிவிட்டார். இனிக் கீழ்க்கண்ட படிகளை வரிசை மாறாமல் கடைப்பிடியுங்கள். படம் முடிகிறதோ இல்லையோ, ஜூனியர்கள் உங்களைப் பற்றி நெடுநாள் பேசுவார்கள்.

படி 1: கணக்குப் போடாதீர்கள்

கதையை ஐந்து நிமிடத்துக்கு எழுதுங்கள். ஒரு புயல், ஒரு தேரோட்டம், மூன்று தலைமுறை கட்டாயம். சினிமாவில் நொடிக்கு 24 ஃப்ரேம். ஒரே படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தினாலும் நொடிக்கு 12 படம், ஐந்து நிமிடத்துக்கு 3,600. இதை முன்கூட்டியே பெருக்கிப் பார்ப்பவர்கள் கோழைகள். ஒரு நிமிடப் படம் எடுத்து, கெடுவுக்குள் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடுகிறார்கள். 'லவிங் வின்சென்ட்' (2017) படத்துக்குச் சுமார் 65,000 ஃப்ரேம்களை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார்கள் என்று யாராவது சொன்னால் உற்சாகமாகக் கேளுங்கள். தீட்டியவர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியர்கள் என்ற இடம் வரும்போது மட்டும் காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.

படி 2: பெக் பார் வேண்டாம்

தாளில் துளை போட்டு பெக் பாரில் மாட்டினால் படங்கள் இடம் மாறாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். உங்களுக்கு எதற்கு? கண்ணளவே போதும். நானூறு தாளை ஸ்கேன் செய்து ஓட்டிப் பார்க்கும்போது பாட்டி அசையாமல் நிற்பாள், அவள் பின்னாலிருக்கும் வீடு நடக்கும். பிறகு ஒவ்வொரு தாளாகக் கணினியில் நகர்த்தி நேராக்குங்கள். ஒரு சாதாரண பஞ்சிங் மெஷினும், பலகையில் ஒட்டிய இரண்டு குச்சியும் இருந்தால் இந்த வேலையே இல்லை. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு நண்பர்களுக்கு அனுப்ப உங்களிடம் ஒரு சோகக் கதையும் இருக்காது.

படி 3: ஃபேனுக்கு அடியில் படம் பிடியுங்கள்

லோட்டே ரைனிகர் 1926-இல் கத்தரிக்கோலால் வெட்டிய நிழலுருவங்களைக் கண்ணாடி மேசையில் வைத்து, ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தி, 'இளவரசர் அக்மதின் சாகசங்கள்' என்ற முழுநீளப் படத்தையே முடித்தார். உங்களுக்கு மே மாதம், மொட்டைமாடிக்குக் கீழ் அறை. ஃபேனைப் போட்டால் கதாநாயகனின் தலை பறந்து கட்டிலுக்கு அடியில் போகும். நிறுத்தினால் உங்கள் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு, சரியாக வாட்டர் கலர் வானத்தின் நடுவில் விழும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், மேகம் போகும்போதெல்லாம் காட்சி இருண்டு வெளுக்கும். கேமராவில் எக்ஸ்போஷரையும் ஒயிட் பேலன்ஸையும் ஆட்டோவிலேயே விடுங்கள். படம் ட்யூப்லைட் மாதிரி மினுக்கும். விளக்கக் குறிப்பில் 'நினைவின் நடுக்கம்' என்று எழுதிக்கொள்ளலாம்.

படி 4: கைத்தடத்தை அழித்துவிட்டு, கைத்தடம் தேடுங்கள்

கலப்பு அனிமேஷனின் உச்சக்கட்டம் இதுதான். பொறுமையாகச் செய்யுங்கள்.

பென்சிலின் சொரசொரப்பு, காகிதத்தின் நார், வண்ணம் காய்ந்து ஓரத்தில் திரண்ட கோடு எல்லாம் ஸ்கேனில் அப்படியே வந்திருக்கும். லெவல்ஸை இழுத்து அத்தனையையும் வெளுத்துவிடுங்கள். கோட்டை வெக்டராக்கி வழுவழுப்பாக்குங்கள். இப்போது ஓட்டிப் பார்த்தால் படம் செத்துக் கிடக்கும். பதறாதீர்கள். இணையத்திலிருந்து 'பேப்பர் டெக்ஸ்சர்' ஒன்றை இறக்கி, மல்டிப்ளையில் போர்த்துங்கள். கோடு நடுங்க ஒரு எஃபெக்ட் போடுங்கள். ஒரே உருவத்தை மூன்று முறை மறுபடி வரைந்து சுழலவிட்டாலே கோட்டுக்கு அந்தத் துடிப்பு வந்துவிடும் என்பதை எவரிடமும் சொல்லாதீர்கள்.

'ஸ்பைடர்-மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்' (2018) முழுக்கக் கணினியில் பிறந்த படம். அதில் காமிக்ஸ் அச்சுப் புள்ளிகளையும், நிறம் கோட்டை விட்டு விலகும் அச்சுப் பிசகையும் மெனக்கெட்டுச் சேர்த்தார்கள். அவர்கள் தேடிப் போன அந்தப் பிசகு உங்கள் ஸ்கேனரில் இலவசமாக வந்தது. நீங்கள்தான் துடைத்தீர்கள்.

மூடுபனி வேண்டுமென்றால் ப்ளக்-இன் தேடுங்கள். யூரி நார்ஸ்டைன் 'மூடுபனியில் முள்ளெலி' (1975) படத்தில் மெல்லிய தாள் ஒன்றைக் காட்சியின்மேல் வைத்து, கேமராவை நோக்கி மெல்ல மெல்ல உயர்த்திப் பனியை வரவழைத்தார். ஒரு தாள்! நம்பும்படியாகவா இருக்கிறது?

படி 5: ஒரே ஒரு பென் டிரைவ்

பிக்ஸாரில் 'டாய் ஸ்டோரி 2' தயாரிப்பின்போது யாரோ கொடுத்த தவறான கட்டளையால் கோப்புகள் மளமளவென்று அழிந்தன. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த ஊழியர் ஒருவரின் கணினியில் பிரதி இருந்ததால் படம் பிழைத்தது. உங்கள் பிரதி இருக்கும் பென் டிரைவில் தம்பி கிரிக்கெட் கேம் ஏற்றிக்கொண்டிருக்கிறான்.

படி 6: சாக்குக்கு ஆள் பிடியுங்கள்

நிக் பார்க் 'எ கிராண்ட் டே அவுட்'டை மாணவராக 1982-இல் தொடங்கினார். படம் வெளிவந்தது 1989-இல். நார்ஸ்டைன் 'மேலங்கி'யை 1981-இல் தொடங்கி இன்னும் முடிக்கவில்லை. இரண்டு பெயரையும் துறைத்தலைவரிடம் சொல்லிப் பாருங்கள். "ரொம்ப சந்தோஷம்ப்பா. நீ எத்தனை ஃப்ரேம் முடிச்சிருக்க?" என்பார்.

அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்க ஆசைப்படுபவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. கதையைச் சுருக்குங்கள், தாளில் துளை போடுங்கள், விளக்கை நிலையாக வையுங்கள், கோப்பை இரண்டு இடத்தில் சேமியுங்கள். ஸ்கேனில் ரப்பர் தேய்த்த தடம் தெரிந்தால் விட்டுவிடுங்கள். கணினி இருக்கிற எவருக்கும் டெக்ஸ்சர் கிடைக்கும், அந்தத் தடம் உங்கள் தாளில் மட்டும்தான் இருக்கிறது.